கடலூரில் நான் கெடுத்த போணி

துணியை யாரும் வாங்குவதில்லை, எடுக்கிறார்கள். மாட்டைப் பிடிக்கிறார்கள். வீட்டையும் பழைய வண்டியையும் பேசி முடிக்கிறார்கள். ஏமாந்துபோனால் மட்டும், சாமான் எதுவாக இருந்தாலும், 'தலையில் கட்டிவிட்டான்' என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஈரோட்டிலிருந்து இருபத்திரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய் ஜவுளி விற்கிறவன் நான். விற்கிறவன் பேச்சு எங்கே போனாலும் ஒன்றுதான். வாங்குகிறவர்கள் பேச்சுதான் ஊருக்கு ஊர் மாறும். அதைக் காதில் வாங்கிக்கொள்வது எனக்குப் பாதி தொழில், பாதி பொழுதுபோக்கு. அந்தப் பேச்செல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்ற நினைப்போடுதான் கடலூரில் போய் இறங்கினேன்.

சிதம்பரத்தில் கலைச்செல்வி என்பவர் புதிதாக ஒரு ஜவுளிக் கடை திறக்கவிருந்தார். பெட்ஷீட், நைட்டி, துண்டு எல்லாம் என்னிடம் எடுத்ததுதான். சரக்கு முன்னமே லாரியில் போய்விட்டது. திறப்புக்கு நேரில் வரச் சொல்லிக் கூப்பிட்டவர், போனிலேயே ஒரு வேலையும் கொடுத்தார்.

“அண்ணா, எங்கம்மா கடலூரு துறைமுகத்துல மீன் விக்கிறாங்க. அவுங்க கையாலதான் எனக்கு மொத போணி ஆவணும். ஆனா கடைப் பக்கமே வர மாட்டேன்னுட்டாங்க. நான் பேசுனா சண்டையாவுது. வர்ற வழியில நீங்க ஒரு வார்த்த பேசிப் பாருங்கண்ணா.”

போணி என்றால் முதல் விற்பனை. அதைச் செய்கிறவர் கை நல்ல கையாக இருந்தால் அப்புறம் யாவாரம் தானாக நடக்கும் என்பது நம்பிக்கை. கலைச்செல்வியின் அம்மா அஞ்சலையம்மாளுக்குக் கைராசி என்றால் அப்படியொரு கைராசியாம். மீன் ஏலத்தில் அவர் முதல் விலை கேட்டால்தான் ஆகும் என்று காத்திருக்கிற படகுக்காரர்கள்கூட உண்டாம். அப்படிப்பட்ட அம்மா மகள்மேல் கோபமாக இருந்தார். கூடை தூக்கிப் படிக்க வைத்தது மகள் ஆபீசில் உட்காரத்தான். மகளும் ஒரு கல்லூரி ஆபீசில் பத்து வருடம் உட்கார்ந்துவிட்டு, இப்போது எழுந்து வந்து கடை போடுகிறார். அந்தக் கோபம்.

பேசிப் பார்ப்பதாவது, கையோடு கூட்டிக்கொண்டே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் விடிந்தும் விடியாமலும் கடலூர் முதுநகரில் ஒரு டீ குடித்தேன். எங்கள் பக்கத்தில் டீக்கடைக்காரர் 'சர்க்கரை போதுங்களா' என்று இரண்டு முறை கேட்பார். இங்கே கேட்கவே இல்லை, அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். டீ என்னவோ நன்றாகத்தான் இருந்தது. டம்ளரை வைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தேன்.

ஏலம் நடந்துகொண்டிருந்தது. மீனைக் கூறு கூறாகக் கொட்டி வைத்திருந்தார்கள். கூறு என்றால் எடை கிடையாது, கண் பார்வையில் ஒரு குவியல். “பார்த்துப் போட்டுக் குடுண்ணே” என்றார் ஒரு பெண். விலையைக் குறை என்று நேராகக் கேட்காமல் கேட்பது அது. “கட்டுப்படி ஆவாது” என்று ஒதுங்கினார் இன்னொருவர். ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் போக மிச்சம் நிற்காது என்று அதற்கு அர்த்தம். எங்கள் ஜவுளிச் சந்தையிலும் இதையேதான் சொல்வோம். கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு கூடியது.

விசாரித்து அஞ்சலையம்மாளிடம் போய்ச் சேர்ந்தேன். ஏலம் எடுத்த மீனைப் பரப்பிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு, யாரையும் அளந்து பார்க்கிற கண். என் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புதுக் கடைக்காரரிடம் முதலில் வாடிக்கையாளர் மாதிரி போய் நாலு வார்த்தை பேரம் பேசுவேன். சிரிக்க வைத்த பிறகுதான் நான் யார் என்று சொல்வேன். இருபத்திரண்டு வருடத்தில் அது சோடை போனதே இல்லை.

“வஞ்சிரம் என்ன விலைங்கம்மா?”

“கிலோ எட்நூறு.”

“சொல்ற விலை இருக்கட்டுங்க. குடுக்கற விலையச் சொல்லுங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏழ்நூத்தம்பது. இன்னும் போணி ஆவல, அதான்.”

“அறுநூறுன்னா எடுத்துக்கலாங்க.”

“அடிமாட்டு வெலைக்குக் கேக்கற.” வாயில் அப்படிச் சொன்னாலும் கை ஒரு மீனைத் தூக்கித் தராசில் வைத்தது. “சரி, மொத போணி. எடு. ரெண்டு கிலோ வரும்.”

இந்த இடத்தில்தான் நான் சிரித்தேன். “சும்மா கேட்டேனுங்கம்மா. நாங்க சுத்த சைவம்.”

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் மீன் விற்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சும்மாவா? போணி ஆவாத நேரத்துல வந்து வெல கேட்ட. நீ கேட்ட வெலைக்கு நான் ஒத்துக்கினேன். மீனு தராசு ஏறிடுச்சி. இப்ப சும்மான்றியா?”

எங்கள் சந்தையில் நாலு தடவை விலை பேசிவிட்டு நாலு தடவையும் எழுந்து போய்விடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. விலை கேட்டுவிட்டுப் போகலாம். பேரம் பேசி, படியவில்லை என்று போகலாம். ஆனால் வாங்குகிறவன் ஒரு விலை சொல்லி, விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டால் எடுத்தே ஆகவேண்டும். அதுவும் போணி நேரத்தில் எடுக்காமல் போனால், அன்றைய யாவாரத்தின் கழுத்தைப் பிடித்துத் திருகின மாதிரி. பதறிப்போய், சொல்லக் கூடாத நேரத்தில் சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. நான் உங்க கலைச்செல்விக்குத் துணி குடுத்த ஈரோட்டுக்காரனுங்க.”

“ஓ, எம் பொண்ணு தலையில மூட்டையக் கட்டுனவன் நீதானா!”

பர்ஸை எடுத்தேன். கிலோவுக்கு எண்ணூறே தருகிறேன் என்றேன். “உனக்கு இல்ல. போ” என்று மீனைத் தராசிலிருந்து இறக்கிவிட்டார். எட்டத்தில் இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். பக்கத்துப் பெண்களிடம் கூட்டம் நின்றது, அவரிடம் மூன்று பேர்தான் வந்தார்கள். தற்செயலாகக்கூட இருக்கலாம். ஆனாலும் என்னால் அங்கே நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வெட்கமாக இருந்தது.

கலைச்செல்விக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “பரவால்லண்ணா. அவுங்க வர மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்” என்றார். குரல் உடைந்திருந்தது. உதவி செய்கிறேன் என்று கிளம்பியவன் இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டேன்.

டீக்கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “சார், நாளைக்கி மொத ஆளா வாங்க. அவுங்க என்னா வெல சொல்றாங்களோ, வாயத் தொறக்காம குடுத்துட்டு எடுங்க. போணியக் கெடுத்தவங்களே வந்து எடுத்தா செரியாப் பூடும்” என்றார்.

மறுநாள் மீன் வந்து இறங்கும்போதே நான் அங்கே நின்றேன். அஞ்சலையம்மாள் என்னைப் பார்த்தார், விரட்டவில்லை.

“ரெண்டு கிலோ வஞ்சிரம் குடுங்கம்மா. நீங்க சொல்ற விலைதான்.”

“கிலோ எட்நூத்தம்பது.”

ஒரே நாளில் ஐம்பது ரூபாய் ஏறியிருந்தது. வாயைத் திறக்கவில்லை. போனை எடுத்து நீட்டி, ஸ்கேன் பண்ணுகிற அட்டை எங்கே என்று தேடினேன்.

“போணிக்குக் காசா குடு. கண்ணுல ஒத்திக்கணும்ல? போனையா ஒத்திக்கிறது?”

பர்ஸில் அவ்வளவு நோட்டு இல்லை. டீக்கடைக்காரருக்குப் போனில் பணம் அனுப்பிவிட்டு அவரிடம் நோட்டுகளாக வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். அஞ்சலையம்மாள் பணத்தைக் கண்ணில் ஒற்றி, மீன்மேல் ஒரு சுற்றுச் சுற்றி இடுப்பில் செருகினார். மீனை வெட்டிக் கழுவிப் பையில் போட்டார். போட்டபின் ஒரு நிமிடம் யோசித்து, பக்கத்துக் கூடையிலிருந்து எதையோ அள்ளித் தனியாக மடித்து உள்ளே வைத்தார்.

“கடை திறப்பு நாளைக்குக் காலைல ஒன்பதே காலுக்குங்கம்மா. தெற்கு வீதியில இருந்து பிரியற சந்து” என்றேன்.

“நான் கேட்டனா?” என்றார்.

மூன்று தலைமுறையாக முட்டைகூடச் சேர்க்காத வீட்டுக்காரன், நெற்றியில் திருநீறும் மடியில் இரண்டு கிலோ மீனுமாகச் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஐஸ் உருகிப் பை ஒழுக ஆரம்பித்தது. கண்டக்டர் முன்னும் பின்னும் நடந்து, “யாருப்பா மீனு வெச்சிருக்கறது? கேக்கறன்ல, யாரு?” என்று சத்தம் போட்டார். ஒவ்வொருவர் காலடியாகப் பார்த்தார். என் திருநீற்றைப் பார்த்ததும் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நானும் கூசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டு அம்மா விடவில்லை. “தம்பி, இந்தச் சாமி மடியிலதான் ஊத்துது.”

புதுச்சத்திரத்தில் இறக்கிவிட்டார்கள். வெயிலில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தபோது, இறால் பண்ணைக்கு ஐஸ் ஏற்றிப் போகிற ஒரு சின்ன லோடு வண்டி, குட்டி யானை என்பார்களே அது, வந்து நின்றது. “ஏறுங்க மாமா, சிதம்பரம் ரோட்டுலதான் போறேன். உங்க பைக்கும் ஒரு கட்டி ஐஸ் போடறேன்” என்றார் டிரைவர். ஈரோட்டில் அறிமுகமில்லாதவரை யாரும் இவ்வளவு சீக்கிரம் மாமா ஆக்கிவிட மாட்டார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. வண்டி அவருடையதாம், போன மாதம்தான் எடுத்தாராம். நடுவில் யாரோ கூப்பிட, போனில் அதை வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். “ஜாஸ்தி இல்ல மச்சான், சல்லிசா முடிச்சேன். அவன் யானை வெல குதிர வெல சொன்னான். நான் எழுந்து நடந்துட்டேன். பின்னாடியே வந்தான்.” சல்லிசு என்றால் மலிவு. எவ்வளவுக்கு முடித்தார் என்பதை மட்டும் போனிலும் சொல்லவில்லை, நான் கேட்டும் சொல்லவில்லை. மலிவாக வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான்.

கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கலைச்செல்வி அலமாரியில் நைட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது. அம்மாவின் நிமிர்ந்த முதுகு அப்படியே இருந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், “நீங்களாண்ணா மீனு வாங்கினீங்க!” என்றார். பையை வாங்கிப் பிரித்தார். வஞ்சிரத் துண்டுகளுக்கு அடியில் இருந்த மடிப்பைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே விரல் நீளத்துக்குப் பளபளவென்று சின்ன மீன்கள்.

“காரப்பொடி. இதுக்கும் காசு குடுத்தீங்களா?”

“இல்லீங்களே. அவங்களா வெச்சாங்க.”

“அப்ப கொசுறு” என்றார். வாங்கியதற்கு மேலே சும்மா போடுவதுதான் கொசுறு. கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேட்டு வாங்காத வீடு தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் வேறாக இருந்தது. “எங்கம்மா யாருக்கும் கொசுறு போட மாட்டாங்கண்ணா. கேட்டா திட்டுவாங்க. எனக்கு வஞ்சிரம் புடிக்காது, காரப்பொடிதான் புடிக்கும்.”

“அப்படின்னா நாளைக்கு வந்துருவாங்க.”

“தெரியல” என்றார். மீனை மறுபடியும் பத்திரமாக மடித்து வைத்தார்.

மாலையில் எனக்கு இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கிடைத்தன. கொத்சு விஷயத்தில் சிதம்பரத்தோடு ஈரோடு போட்டி போட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆறு இட்லி சாப்பிட்டேன். ஆனாலும் மனம் முழுக்க மறுநாள் காலையில்தான் இருந்தது.

திறப்பு நாள். ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம். விளக்கேற்றி, சூடம் காட்டியாயிற்று. தெரிந்தவர்கள் வந்து சந்தனம் தொட்டுக்கொண்டு போனார்கள். ஒரு கைக்குட்டை எடுத்துப் போணி பண்ணட்டுமா என்று கேட்டவர்களை எல்லாம் கலைச்செல்வி ஏதோ சொல்லி நிறுத்திவைத்தார். கணவர் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டு, “ஆச்சா, ஆச்சா?” என்று கேட்டபடி இருந்தார். பத்து மணி ஆனது. அம்மா வரவில்லை. கலைச்செல்வியின் கண் வாசலை விட்டு நகரவில்லை. எனக்கோ, அன்றைக்கு அந்தச் சிரிப்பைச் சிரித்த வாயை என்ன செய்தால் தகும் என்றிருந்தது.

பத்தே கால் ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது, கையில் பையோடு ஒரு அம்மா படியேறினார். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர், யாரும் கூப்பிட்டு வந்தவர் இல்லை. நேராகப் பச்சைக் கட்டம் போட்ட பெட்ஷீட்டைக் கை காட்டி, “என்னா வெல?” என்றார். இவரிடம் வேண்டாம், பிறகு வாருங்கள் என்று சொல்ல முடியாது. கலைச்செல்வி ஒரு முறை வாசலைப் பார்த்தார். அப்புறம் பெட்ஷீட்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“ஐநூத்தம்பதுக்கா.”

“சொல்ற வெலைய விடு. குடுக்கற வெலையச் சொல்லு.”

“இதான்கா சொல்றதும் குடுக்கறதும்.”

“நானூறு ரூவா. கட்டு.”

எனக்கு வியர்த்துவிட்டது. முதல் ஆள் விலை பேசிவிட்டு வெறுங்கையோடு இறங்கினால் என்ன ஆகும் என்பதை இரண்டு நாளில் நன்றாகவே படித்திருந்தேன். ஐம்பது குறைத்துக் கொடுத்துவிடு என்று அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று ஜாடை காட்டினேன். கலைச்செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை.

“கட்டுப்படி ஆவாதுக்கா. மொத போணி நீங்கதான். உங்ககிட்ட ஏத்திச் சொல்லிட்டுக் கொறச்சா எனக்கு நல்லாருக்காது. கொண்டு போயி மூணு தடவ தொவைங்க. சாயம் போச்சுன்னா இதே வாசல்ல வந்து என்னக் கேளுங்க.”

அந்த அம்மா பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்தார். மூலையை இழுத்துப் பார்த்தார். திரும்பி இரண்டு படி இறங்கினார். கலைச்செல்வி அவரைக் கூப்பிடவில்லை. விரித்த பெட்ஷீட்டை மடிக்கவும் இல்லை. அந்த அம்மா படியிலேயே நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினார். மறுபடியும் ஏறி வந்து, “மடிச்சிக் குடு” என்றார்.

கலைச்செல்வி நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போணி ஆகிவிட்டது. எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது.

அந்த அம்மா போய் ஐந்து நிமிடம் இருக்காது, எதிர்ப்புற வாழைப்பழக் கடையின் மறைவிலிருந்து அஞ்சலையம்மாள் தெருவைக் கடந்து வந்தார். கஞ்சி போட்ட புடவை, தலையில் பூ. கடைக்குள் வராமல் படிக்குக் கீழேயே நின்றார்.

“அம்மா” என்றார் கலைச்செல்வி. “போணி ஆயிடுச்சும்மா.”

“பார்த்தேன். ஒம்போது மணிக்கே வந்துட்டேன்.”

“வந்துட்டு அங்கியே நின்னியா? உன் கையாலதான ஆவணும்னு இவ்ளோ நேரம்...”

“உள்ள வரத்தான் வந்தேன். காலு வரல. படிச்ச புள்ள, ஒருத்தி எறக்கிக் கேட்டா முழிச்சிக்கினு நிப்ப, அத நான் கண்ணால பாக்கணுமான்னு பயம்” என்றார் அஞ்சலையம்மாள். “அவ படியெறங்கறப்ப எனக்கு உசுரு போயிடுச்சி. நீ கூப்புடலயே! நானா இருந்தா கூப்ட்டு ஐம்பது கொறச்சிருப்பன்டி.”

“அப்ப என் கை எதுக்கு உனக்கு?” என்று அஞ்சலையம்மாளே கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் முகம் ஒரு நிமிடம் சின்னதாகிவிட்டது.

“கை வேணாம்மா. நீ இங்க இருந்தா போதும்.” கலைச்செல்வி அழுதுவிட்டார். நானும் துண்டுகளை எண்ணுகிற மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அஞ்சலையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே வந்தார். அலமாரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “சரக்கு பரவால்ல” என்றார், போகிற போக்கில்.

வாசலில் இரண்டு பெண்கள் தயங்கி நின்றார்கள். உள்ளே வரலாமா, விலை அதிகமாக இருக்குமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஆளு வருது. கண்ணத் தொடச்சிக்க” என்று மகளிடம் சொல்லிவிட்டு, அஞ்சலையம்மாள் வாசலைப் பார்த்துத் திரும்பினார். துறைமுகத்தில் கேட்ட அதே குரல் சந்து முழுக்கக் கேட்டது.

“வாங்கம்மா, உள்ள வந்து பாருங்க. எம் பொண்ணு கடதான்!”